ராடு வைத்து ஐந்தரை மாதம்: ஸ்குரூவுக்கு முன்னால் அந்தப் பருவைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஐந்தரை மாதத்துக்கு முன்பு பைக்கில் போகும்போது விபத்து. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. எலும்பு குத்திக்கொண்டு வெளியே வந்து நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் காயம். அன்று இரவே காயத்தைக் கழுவி ராடு வைத்தார்கள். இப்போது சின்ன எலும்பு கூடிவிட்டது, பெரிய எலும்பு கூடவில்லை என்கிறார் டாக்டர். ஒரு ஸ்குரூவை எடுத்துவிட்டால் கூடிவிடுமாம். ராடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிட்டுப் புத்தூர் கட்டுப் போடலாம் என்கிறார் என் மாமியார். வாக்கர் வைத்து நடக்கிறார். ஊன்றினால் முறிந்த இடத்தில் வலிக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறார். ஏழெட்டு சிகரெட் பிடிப்பார். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு மாத்திரை எடுப்பதில்லை. நான் தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறேன். தழும்பு ஓரத்தில் இரண்டு முறை சின்னதாகப் பரு வந்து உடைந்து தானே ஆறிவிட்டது. முழங்கால் முன்பக்கமும் வலிக்கிறது. ஸ்குரூவை எடுக்கலாமா, ராடையே எடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் ஸ்குரூவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். பருவைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் கவலை தருகிறது. எலும்பு வெளியே வந்த காயம், உள்ளே உலோகம், மேலே அதே தழும்பில் பரு வந்து உடைந்து, ஆறி, மறுபடியும் வருகிறது. இது தோலில் வருகிற பரு இல்லை என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். எலும்பிலோ ராடிலோ ஒட்டியிருக்கும் கிருமி, சீழ் சேரும்போதெல்லாம் தனக்கு ஒரு வழி போட்டுக்கொள்ளும். ‘புண் புரையோடிவிட்டது’ என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் புரை இதுதான். வாய் மூடினால் ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே ஆறியிருக்காது.

இந்த விஷயம் உங்கள் டாக்டருக்குத் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. செக்கப் போன நாளில் தழும்பு காய்ந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்காது. நீங்களும் சின்ன விஷயம் என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். ஸ்குரூ எடுக்கும் முடிவே இதனால் மாறக்கூடும்.

ஏன் மாறும் என்று புரிய, எலும்பு எப்படிக் கூடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ராடு எலும்பை ஒட்டுவதில்லை. உள்ளே வைத்த சிம்பு அது, அவ்வளவுதான். ஒட்டுகிற வேலை முழுக்க உடம்புடையது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அது நாரும் குருத்தெலும்புமாக மாறும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிவது இதுதான். டாக்டர்கள் ‘கேலஸ்’ என்பார்கள். இதற்கு வேண்டியவை இரண்டு: ரத்த ஓட்டம், அளவான அசைவு.

முதலில் ரத்த ஓட்டம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்புதான், சதையே கிடையாது. கீழ்ப்பகுதிக்குப் போகப் போகச் சுற்றிலும் சதை குறைந்து நரம்பும் தசைநாருமாக இருக்கும். எலும்புச் சுவரின் உள்பக்க மூன்றில் இரண்டு பங்குக்கு மஜ்ஜைக் குழாய் வழியாக ரத்தம் வருகிறது. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வருகிறது. முறிவிலும், ராடுக்காகக் குழாயைக் குடைந்ததிலும் உள்வழி அடைபட்டிருக்கும். அது சில வாரத்தில் திரும்பிவிடும், அதுவரை வெளிச் சவ்வு தாக்குப்பிடிக்க வேண்டும். உங்கள் கணவருக்கு எலும்பு குத்தி வெளியே வந்ததில் அந்தச் சவ்வும் கிழிந்திருக்கிறது. இப்படிப்பட்ட முறிவு மெதுவாகக் கூடுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

அடுத்தது அசைவு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் பெரன் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். இடைவெளியில் உள்ள திசு தன் நீளத்தில் எத்தனை சதவீதம் இழுபடுகிறது என்பதைப் பொறுத்தே அங்கே எது வளரும் என்பது தீர்மானமாகிறது. புதிதாக முளைக்கும் இளந்திசு 100 சதவீத இழுபாட்டையும் தாங்கும். குருத்தெலும்பு 10 சதவீதம் வரை தாங்கும். முதிர்ந்த எலும்பு 2 சதவீதத்துக்கு மேல் தாங்காது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் இழுபாடு 50 சதவீதம். அங்கே நார் வளரும், எலும்பு வளராது. அசைவே இல்லாவிட்டாலும் கேலஸ் போட உடம்புக்குத் தூண்டுதல் இருக்காது. ஆகவே ஊன்றும்போது முறிவு மேலும் கீழுமாகச் சற்றே அழுந்துவது நல்லது. பக்கவாட்டில் ஆடுவதும் முறுக்கிக்கொள்வதும் கெடுதல்.

ஸ்குரூ எடுக்கச் சொல்வதன் பின்னணி இதுதான். ராடின் மேல், கீழ் முனைகளில் குறுக்கே ஸ்குரூ போட்டு எலும்போடு பூட்டியிருப்பார்கள். பெரும்பாலான ராடுகளில் ஒரு துளை வட்டமாகவும் இன்னொன்று நீள்துளையாகவும் இருக்கும். வட்டத் துளை ஸ்குரூவை எடுத்துவிட்டு நீள்துளை ஸ்குரூவை விட்டுவைத்தால், நடக்கும்போது எலும்புத் துண்டு சில மில்லிமீட்டர் நகர்ந்து மற்றதன் மேல் அழுந்தும். சின்ன ஆபரேஷன்தான், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முறிவு குறுக்காக இருந்து, இரண்டு முனையும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு, கேலஸ் கொஞ்சமாவது வந்திருந்தால் நல்ல பலன் கிடைக்கும். எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ நீளமான சாய்வு முறிவாக இருந்தாலோ செய்யக்கூடாது. கால் குட்டையாகிவிடும், பாதம் திரும்பிக்கொள்ளவும் கூடும். இன்னொரு சங்கதி: சின்ன எலும்பு கூடிவிட்டது என்கிறீர்கள். அது பந்தலுக்கு முட்டுக்கொடுத்த கால் மாதிரி நின்று, பெரிய எலும்பின் முனைகளை அழுந்த விடாமல் பிடித்திருக்கலாம். அப்படியானால் ஸ்குரூவை மட்டும் எடுத்துப் பயனில்லை, சின்ன எலும்பிலும் ஒரு சிறு துண்டை வெட்டி எடுக்க வேண்டிவரும். ‘சின்ன எலும்பு முட்டுக்கொடுக்கிறதா?’ என்று டாக்டரிடமே கேளுங்கள்.

இவ்வளவும் உள்ளே கிருமி இல்லையென்றால்தான். கிருமி இருக்கும் இடத்தில் பூட்டைத் தளர்த்தினால் ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் கிருமி வலுக்கும். கிருமி எலும்பை அரித்து ஸ்குரூவைத் தளர்த்தும், மறுபடி ஆட்டம். அதனால்தான் முதலில் பரு, பிறகு ஸ்குரூ என்கிறேன்.

என்ன பரிசோதனை? ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பார்கள், உடம்புக்குள் அழற்சி இருந்தால் காட்டும் அளவுகள் இவை. அளவு கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். சரியாக இருந்தால் ‘கிருமி இல்லை’ என்று விட்டுவிட முடியாது. நாள்பட்டு மெதுவாக இருக்கும் கிருமி ரத்தத்தில் காட்டாமலே இருக்கும். பரு உடைந்த வாயில் பஞ்சால் தொட்டு எடுக்கும் கல்ச்சரை (கிருமியை வளர்த்து இன்னதென்று பார்க்கும் பரிசோதனை) நம்பி மருந்தைத் தீர்மானிக்கக்கூடாது, தோலில் குடியிருக்கும் கிருமிதான் அதில் அதிகம் வரும். ஆபரேஷன் அறையில் முறிவின் ஆழத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி வைத்து, நான்கைந்து இடத்தில் திசு எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவதே சரியான முறை. இரண்டு மாதிரியில் ஒரே கிருமி வளர்ந்தால் உறுதி. புரை எலும்பு வரையோ ராடு வரையோ போகிறது என்று தெரிந்துவிட்டாலும் உறுதிதான்.

இங்கே நம் ஊரில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறு. பரு வந்ததும் மெடிக்கலில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்வது. சீழ் வற்றும், நிம்மதியாக இருக்கும். ராடின் மேல் பசைப் படலம் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும் கிருமியை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிறகு எடுக்கும் கல்ச்சரில் எதுவும் வளராது, எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டருக்கும் தெரியாது. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்ற அவசரம் இல்லாவிட்டால், திசு எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கிருமி உறுதியானால் என்ன செய்வார்கள்? ராடு இறுக்கமாக இருந்து எலும்பும் கூடிக்கொண்டு வந்தால், மருந்தால் கிருமியை அடக்கி வைத்துக்கொண்டு, கூடிய பிறகு ராடை எடுப்பது ஒரு வழி. கிருமி இருந்தாலும் பிடிமானம் உறுதியாக இருந்தால் எலும்பு கூடும், அந்த நம்பிக்கையில்தான் இது. ராடு தளர்ந்திருந்தால், அதை எடுத்து, குழாயைக் குடைந்து கழுவி, இறந்த எலும்பை நீக்கி, ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்பு சிமென்ட் பூசிய ராடை வைப்பார்கள். சிமென்டிலிருந்து மருந்து அந்த இடத்திலேயே கசியும். உள்ளே உலோகம் இல்லாவிட்டால் ஆறு வாரம், இருந்தால் பன்னிரண்டு வாரம் அளவில் மருந்து கொடுப்பது வழக்கம். பிறகு புது ராடு, தேவையானால் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த எலும்புச் சீவல். இறந்த எலும்பை வெட்டியதில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் இலிசரோவ் வளையம். ரஷ்யாவின் குர்கானில் காவ்ரில் இலிசரோவ் வளர்த்தெடுத்த முறை அது. வேறோர் இடத்தில் எலும்பை வெட்டி, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை நகர்த்தி, இடைவெளியில் புது எலும்பை வளர்ப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், செலவு பேசும் முன் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் விசாரித்துவிடுங்கள்.

கிருமி இல்லை என்று தெளிவானால் அவசரமே இல்லை. ஐந்தரை மாதம் என்பது ‘கூடாத எலும்பு’ அல்ல, ‘தாமதமாகக் கூடும் எலும்பு’. ஒன்பது மாதம் கடந்து, கடைசி மூன்று மாதம் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால்தான் கூடாத எலும்பு என்பது பலரும் ஏற்ற வரையறை. டிபியாவில் ராடு வைத்த 1,200-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2008-ல் வெளிவந்த ‘ஸ்பிரின்ட்’ ஆய்வில், கூடவில்லை என்பதற்காக மறு ஆபரேஷன் செய்வதை ஆறு மாதம் வரை தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்கள். காத்திருந்ததிலேயே பலருக்கு எலும்பு கூடிவிட்டது. காத்திருப்பதும் வைத்தியம்தான், ஆனால் மாதம் ஒருமுறையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தால் எலும்பின் நான்கு ஓரமும் தெரியும். மூன்று ஓரத்தில் கேலஸ் பாலம் போட்டுவிட்டால் கூடிவிட்டது என்று கொள்ளலாம். ‘எத்தனை ஓரம் பாலம் போட்டிருக்கிறது? போன படத்தில் எத்தனை?’ என்று கேளுங்கள். ‘கூடவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த எண்ணிக்கை உதவும். படத்தில் தெளிவில்லையென்றால் சி.டி. ஸ்கேன்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. உலோகம் ஒத்துக்கொள்ளாமல் போவது மிக அரிது. ‘ராடு சேரலை’ என்று ஊரில் சொல்வதைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் கிருமியாகவோ ஆட்டமாகவோதான் இருக்கும். கூடாத எலும்பிலிருந்து ராடை எடுத்துவிட்டு வேறு ஒன்றும் வைக்காவிட்டால் கால் வளைந்துவிடும். ஆந்திரத்துப் புத்தூரின் கட்டு மூங்கில் சிம்பும் துணியும் வைத்து வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பது. உங்கள் கணவருக்குத் தாங்கல் எலும்புக்குள்ளேயே இருக்கிறது, வெளியே இன்னொன்று போட்டு ஆகப்போவது எதுவுமில்லை. கிருமிச் சந்தேகம் உள்ள தழும்பை மூடி இறுக்கினால் சீழுக்கு வழியில்லாமல் போகும். முன்னங்காலின் மெல்லிய தோல் இறுக்கத்தில் செத்துப்போனால் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். பிறகு சதை எடுத்து மூடும் ஆபரேஷன் வரை போக வேண்டும். எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம். பெரியவர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது சங்கடம்தான். ‘உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்க்கும்வரை எதுவும் கட்டக்கூடாதாம்’ என்று சொல்லிப் பாருங்கள், அது உண்மையும்கூட.

ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், ருசிக்கும் தெம்புக்கும் நல்லது. எலும்பை வேகவைத்தால் சுண்ணாம்புச் சத்து அதிகம் இறங்காது. சூப்பை நம்பிச் சோற்றுத்தட்டை மறந்துவிடாதீர்கள். அவர் எடை 70 கிலோ என்றால் நாளைக்கு 85 முதல் 100 கிராம் வரை புரதம் வேண்டும், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏழெட்டு கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 10 கிராம், நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம். வெறும் இட்லி, ரசம் சாதத்தில் இந்தக் கணக்கு எட்டாது. கால்சியத்துக்கு நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. நாளின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. பிரண்டைத் துவையல் செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். செய்யலாம், நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் நல்ல அறிகுறி தெரிந்ததுண்டு. மருந்துக்குப் பதிலாக வைக்காமல் சோற்றோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி ஒருமுறை பாருங்கள். ரிப்போர்ட்டில் 20 நானோகிராமுக்குக் (ng/mL) கீழே இருந்தால் வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட், எட்டு வாரம் என்பது வழக்கமான அளவு. தினமும் போட்டுவிடாதீர்கள், அது விஷமாகும்.

சர்க்கரையில் ‘கொஞ்சம்’ என்று ஒன்று கிடையாது. மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி எடுங்கள். எட்டுக்கு மேல் இருந்தால் எலும்பும் மெதுவாகக் கூடும், கிருமியும் விடாது; எந்த ஆபரேஷனுக்கும் முன்பு அதை இறக்கியாக வேண்டும். சிகரெட்டைக் குறைப்பதல்ல, நிறுத்துவதுதான் பேச்சு. நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த இடத்துக்கு இது இரட்டை அடி. பீடியும் அப்படித்தான். வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிக்கொண்டு ‘விட்டுட்டேன்’ என்றால் எலும்பு ஏமாறாது.

தினமும் போடும் வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் நிறுத்துங்கள். முறிவின் ஆரம்ப வீக்கத்திலிருந்துதான் எலும்பு கூடும் வேலை தொடங்குகிறது. அந்த வேதிப்பொருட்களையே இந்த மாத்திரைகள் அடக்குகின்றன. நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல். பாராசிட்டமால் போதும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: ஊன்றும்போது முறிந்த இடத்தில் வரும் வலிதான் அங்கே ஆட்டம் இருப்பதைச் சொல்லும் ஒரே மணி. அதை அடைத்துவிட்டால் எப்போது குறைந்தது, எப்போது கூடியது என்று தெரியாமல் போகும்.

நடக்கலாமா? டாக்டர் தடுத்திருந்தாலொழிய, வாக்கரோடு வலி தாங்கும் அளவு ஊன்றி நடப்பது நல்லது. படுத்தே இருந்தால் எலும்பு இன்னும் பஞ்சாகும். எவ்வளவு ஊன்றுகிறார் என்று தெரிய வீட்டு எடை மெஷினில் அந்தக் காலை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; 20 கிலோ என்றால் எப்படி இருக்கும் என்று கால் பழகிவிடும். திடீரென்று ‘டக்’ என்று சத்தமும் வலியும் வந்தால் ஸ்குரூ உடைந்திருக்கலாம், அன்றே படம் எடுங்கள்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: விபத்தன்று எடுத்த படத்திலிருந்து இன்று வரை எல்லா எக்ஸ்ரேயும் தேதி வரிசையில், டிஸ்சார்ஜ் சம்மரி, முக்கியமாக ராடின் ஸ்டிக்கர். கம்பெனி, குறுக்களவு, நீளம் எல்லாம் அந்தச் சிறிய ஒட்டில் இருக்கும். ராடை எடுக்க அந்தந்தக் கம்பெனிக்கு ஏற்ற கருவி வேண்டும். அது தெரியாமல் ஆபரேஷனுக்குள் போனால் எடுக்க முடியாமல் திண்டாடுவார்கள். ஃபைலில் ஒட்டியில்லாவிட்டால் ராடு வைத்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். பரு மறுபடி வந்தால் பிதுக்காதீர்கள்; தேதியோடு போட்டோ எடுத்து, சுத்தமான காஸ் துணியால் மூடி, மறுநாளே காட்டுங்கள். காய்ச்சலோ, கால் சிவந்து வீங்குவதோ இருந்தால் அதே இரவு போக வேண்டும்.

முழங்கால் வலி தனிக் கதை. ராடை முழங்காலின் முன்பக்கம் வழியாகத்தான் இறக்குவார்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அங்கே வலி இருக்கும், எலும்பு கூடாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மண்டி போடும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் அதிகம் தெரியும். பட்டறையில் குந்தி உட்கார்ந்து வெல்டிங் அடிப்பவர் என்பதால், வேலைக்குத் திரும்பும்போது முதல் சில மாதம் உயரமான ஸ்டூலும் மேசை உயரத்து வேலையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.